பிரசவ வார்டுக்கு நான் கொடுத்த சான்றிதழ்

கண்ணால் காணாத ஒரு ஆஸ்பத்திரிக்கு உறுதிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதை வாசிக்க வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில், கிளேட்டனில் படித்து முடித்து, அங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னப் பொறியியல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தூண் தாங்குமா, தளம் தாங்குமா என்று கணக்குப் பார்க்கிற வேலை. ஊரில் போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அப்பாவும் அம்மாவும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் முடங்கிக் கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா கேட்பார்: "விசா அலுவல் என்ன மாதிரி, பிள்ளை?" அவர்களை இங்கே கூப்பிட எனக்கு நிலையான வேலை இருக்க வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குச் சாக்கு மாதிரித்தான் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும்.

எங்கள் பிரிவுக்குப் பெரியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைக்காரப் பொடியன்கள் எல்லாம் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வராது. கடைசிவரை சேர் என்றே கூப்பிட்டேன். ஒருநாள் அவர் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"ஆப்பிரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரிம்மா. நாலு மாடி. நாம கட்ட வேண்டாம், போக வேண்டாம். கட்டுறவங்க அனுப்புற பேப்பரைப் பார்த்து, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போய்ப் பாக்காமலா, சேர்?"

"போட்டோ அனுப்புவாங்கம்மா."

விஷயம் என்னவென்று வாசித்துப் பார்த்தேன். கடற்கரையோரம் உள்ள ஒரு நாடு. நிலத்துக்கடியில் எண்ணெய், மேலே இடிந்த வீதிகள். தூரத்துப் பெரிய அரசு ஒன்று கடன் கொடுக்கிறது. ஈடு, எண்ணெய். இத்தனை வருடத்துக்கு இத்தனை கப்பல் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். கடன் காசு அந்த ஏழை நாட்டின் கையில் படுவதே இல்லை. கொடுத்த அரசு அதைத் தன் சொந்தக் கம்பனிக்கே கொடுக்கும், அந்தக் கம்பனி வந்து கட்டும். சீமெந்து, கம்பி, ஆணி, ஆள், ஆளுக்குச் சமைக்கிறவன் எல்லாம் கப்பலில் வந்து இறங்கினார்கள். உள்ளூரில் எடுத்தது தண்ணீரும் மணலும்தான். கடன் கொடுத்தவனும் அவன், காசை வாங்கியவனும் அவன். இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளின் எண்ணெயில் அதை அடைப்பது மட்டும் இவர்கள்.

இது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதனால் நடுவில் ஒரு நடுநிலைப் பொறியியலாளர் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். அவுஸ்திரேலியா என்றால் மரியாதையான நாடு. நாங்கள் மலிவாகக் கேட்டோம். ஒவ்வொரு தளம் முடியும்போதும் என் கையெழுத்து விழுந்தால் கம்பனிக்கு அடுத்த தவணைக் காசு போகும்.

கொங்கிரீட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தளம் ஊற்றும்போது அதே கலவையில் சில சிறிய கட்டிகளும் வார்த்து வைப்பார்கள். இருபத்தெட்டாம் நாள் அந்தக் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்று எழுதுவார்கள். தளத்துக்குள் கையை விட்டுப் பார்க்க முடியாது. அந்தக் கட்டிகள்தான் சாட்சி.

மூன்றாம் மாடித் தளத்தின் அறிக்கை வந்தது. தளம் ஊற்றிய திகதியையும் கட்டி உடைத்த திகதியையும் பார்த்தேன். நடுவில் பதினொரு நாள்தான். மேலே தலைப்பில் மட்டும் இருபத்தெட்டாம் நாள் பரிசோதனை என்று அச்சடித்திருந்தது. ஒன்பது கட்டிகளும் ஒரே அளவு பாரத்தில் உடைந்திருந்தன. ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே ஒரே உயரத்துக்கு வளர்வதில்லை, கொங்கிரீட் எப்படி வளரும்?

எனக்குக் கெட்டித்தனம் தலைக்கேறிவிட்டது. சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். பக்கத்தில் விளக்கமாக எழுதினேன்: திகதி பதினேழு நாள் குறைகிறது, ஒன்பது கட்டியும் ஒரே மாதிரி உடைய முடியாது, சிறிய ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும், வழக்கமாக அது இவ்வளவு இருக்கும். பிழை பிடித்த வாத்தியார் மாதிரி ஒரு திருப்தி. சேரும் பாராட்டி, அதைக் கம்பனிக்குத் திருப்பி அனுப்பினார்.

நாலாம் நாள் திருத்திய அறிக்கை வந்தது. திகதி பதினேழு நாள் தள்ளிப் போயிருந்தது, அதாவது இனிமேல்தான் வரவேண்டிய ஒரு செவ்வாய்க்கிழமைக்கு. ஒன்பது கட்டிகளும் நான் எழுதிக் கொடுத்த அதே ஏற்ற இறக்கத்தோடு அழகாக உடைந்திருந்தன.

கோப்பைத் தூக்கிக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், இது திருத்தினதில்லை. சும்மா கதிரையில இருந்து எழுதினது. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே எழுதி இருக்கினம். உடைச்ச திகதி இன்னும் வரவேயில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கேட்டே, அவன் கொடுத்துட்டான். அந்தச் செவ்வாய்க்கிழமை வரட்டும், அன்னிக்குக் கையெழுத்துப் போடு. அப்ப தேதி சரியாயிடும்ல?"

"கட்டிடம் சரியாகுமோ?"

"உங்க அப்பா அம்மா பேப்பர் எந்த அளவுல இருக்கும்மா?" என்று கேட்டார். குரலில் அப்படி ஒரு கரிசனம். 

செவ்வாய்க்கிழமை வந்தது. கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளில் ஒரு பிழையும் இருக்கவில்லை. எப்படிப் பிழையில்லாமல் பொய் எழுதுவதென்று நான்தானே படிப்பித்து விட்டேன். அதே கம்பனி, அதே கடனில், அதே ஊரில் பள்ளிக்கூடங்களும் கட்டியது. அவற்றுக்கும் நான்தான். கை பழகிவிட்டது.

திறப்பு விழா வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார்கள். மந்திரி நாடா வெட்டினார், கடன் கொடுத்த நாட்டுத் தூதர் கை தட்டினார், வெயிலில் நிற்கவைத்த பிள்ளைகள் இரண்டு நாட்டுக் கொடியையும் ஆட்டினார்கள். சேர் ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்து அலுவலகம் முழுக்கக் கொடுத்தார். சீ, நானும் தின்றேன். ஒன்றல்ல, இரண்டு.

அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். கிரான்பர்னில் வீடு வாங்கினோம். அம்மா புதுக் குசினி அடுப்பைத் துடைத்துத் துடைத்து வைப்பார். எனக்குச் சாக்காக இருந்த காரணமும் அத்தோடு முடிந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு குளிர்காலத்தில், மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்ட நேரம் என் மேசை ஃபோன் அடித்தது. ஒரு பெண். தடுமாறும் ஆங்கிலம். அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட் டாக்டர் என்று சொன்னார். அங்கே காலை எட்டு மணி.

"உங்கள் சான்றிதழை இங்கே வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் உங்கள் பெயரும் இந்த நம்பரும் இருக்கிறது. கட்டிய கம்பனிக்காரர்கள் தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள். அமைச்சில் கேட்டால் சான்றிதழ் இருக்கிறதே, பயப்படாதே என்கிறார்கள். அதனால் உங்களிடமே கேட்கிறேன். விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்டது. தூணும் உத்தரமும் சேருகிற இடத்தில் வெடிப்பு. என் சுண்டுவிரல் உள்ளே போகிறது. இந்த மூன்றாம் மாடியில் என்னிடம் பதினொரு தாய்மார் இருக்கிறார்கள். நாலு பேருக்கு நேற்றுத்தான் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தது. இவர்களை நான் அசைக்க வேண்டுமா, வேண்டாமா?"

சேர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எழுத்துல கேட்கச் சொல்லு," என்றார் மெல்லிய குரலில். "வாயால எதையும் ஒத்துக்காதே. இன்ஷூரன்ஸ்காரன் கைவிட்டுருவான். மூணு நாள்ல பதில் தர்றோம்னு சொல்லு."

நான் கையை எடுத்தேன். "வெடிப்பு நேராக் கீழே இறங்குதா, சாய்வாப் போகுதா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சாய்வாக."

 சாய்வாக வெடித்தால் உத்தரம் அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழாது.

"எல்லாரையும் இறக்குங்கோ. இப்பவே. உடுப்பு, மருந்து ஒன்றும் எடுக்க வேண்டாம். ஆட்களை மட்டும் இறக்குங்கோ."

"ஆனால் சான்றிதழில்…"

"அது பொய். நான்தான் எழுதினது."

 டாக்டர் சொன்னார்: "லிஃப்ட் இல்லை. கதவு மட்டும் வைத்திருக்கிறார்கள். உள்ளே குழிதான். பெட்ஷீட்டில் வைத்துத் தூக்க வேண்டும்." அந்த லிஃப்ட் கதவின் படம் என் கோப்பில் இருந்தது. நல்ல பளபளப்பான கதவு.

ஃபோன் வைக்கப்பட்டது. சேர் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டார். "நான் அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன்மா. இந்தப் பேச்சு எதுவும் எனக்குத் தெரியாது," என்றார். லட்டுப் பெட்டியை நீட்டிய அதே முகம். அந்த முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பினால் பாதி என் மேலும் விழவேண்டும் என்பதால் சும்மா இருந்தேன்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. வீட்டிலிருந்து அம்மா ஃபோனில் கூப்பிட்டார். "என்ன பிள்ளை, இன்னும் காணேல்லை? புட்டு ஆறுது."

"சாப்பிடுங்கோ அம்மா. நான் பிந்தித்தான் வருவன்."

"குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன் அம்மா, மூக்கு அடைச்சுக் கிடக்கு," என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

ஆறரை மணிக்கு டாக்டர் மறுபடி ஃபோனில் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. பின்னால் பச்சைக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. பதினொரு தாய்மாரையும் இறக்கி வாகனத் தரிப்பிடத்தில் தகரத்துக்குக் கீழே படுக்கவைத்திருக்கிறார்கள். ஒருத்திக்குத் தையல் பிரிந்துவிட்டது, அங்கேயே வைத்துத் தைக்கிறார்கள். மற்ற வார்டுகளும் காலி. கட்டிடம் இன்னும் விழவில்லை.

நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மனித மனம் எவ்வளவு கேவலமானது என்றால், அந்த நேரத்திலும் நான் அதற்குக் காத்திருந்தேன்.

"வேறு எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டாய்?" என்று கேட்டார்.

"மூன்று பள்ளிக்கூடம்."

"பேரைச் சொல்."

கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "எத்தனை மாடி?" என்றார். இரண்டு மாடி, இரண்டு மாடி, மூன்று மாடி என்றேன்.

"இங்கே காலை ஒன்பதரை மணி," என்றார் டாக்டர். "பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருப்பார்கள்."