ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு முப்பதாம் நாள் ஜெபம்

கடவுள் நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் கணவர் இறந்தபின் ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறேன். கான்வென்டில் கற்ற பாட்டுகளைச் சுருதி பிசகாமல் பாடுவேன். விழுந்தவரை இருப்பவர்கள் தூக்கி நிறுத்துவதுதான் என் கணக்கில் உயிர்த்தெழுதல். போதகருக்கும் இது தெரியும். போன நவம்பரில் அவர் காய்ச்சலில் படுத்ததால், ஜவ்வாது மலையில் இறந்துபோன ஒரு சிறுவனுக்கான முப்பதாம் நாள் ஜெபத்தை நடத்த என்னை அனுப்பினார்.

வேலூரிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். வாடகைக் கார், போகவர நாலாயிரம் ரூபாய். ஓட்டுநர் வாணியம்பாடி பாய். கண்ணமங்கலத்தில் இட்லி (சட்னி வெறும் தண்ணீர்), போளூரில் டீசல், பிறகு வளைவுக்கு மேல் வளைவு.

"இன்னாம்மா, வாந்தி கீந்தி வருதா?"

"வந்தா நானே சொல்றேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க பாய்."

ஜமுனாமரத்தூரைத் தாண்டி மண்சாலையில் ஏழு கிலோமீட்டர் போனால் தகரக் கூரை போட்ட ஜெபவீடு. ஜெபத்துக்கு அழைத்திருந்தவள் சின்னப்பொண்ணு. அவளுடைய ஆறு வயது மகனை ஒரு மாதம் முன் பாம்பு கடித்தது; ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டான். இறந்த என் கணவரைப் போலவே அவனும் நம் அன்பில் வாழ்கிறான் என்று பேச ஆரம்பித்தேன்.

"அன்பு இருக்கட்டும்மா," என்றாள் சின்னப்பொண்ணு. "எம்புள்ளய நான் திரும்பப் பாப்பனா?"

"அவன் நினைப்பு உன்கூடவே இருக்கும்மா."

"அதக் கேக்கல. உங்க வூட்டுக்காரர நீங்க பாப்பீங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "மாட்டேன்," என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்தீங்க?"

என் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி மூடிவிட்டு, வாசலில் நின்ற ஓட்டுநரைப் பார்த்தாள். "அண்ணே, உங்கள்ல செத்தவங்கள நீங்க பாப்பீங்களா?"

"இன்ஷா அல்லா, பாப்பேன்மா."

"அப்ப நீங்க செய்ங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகளை ஏந்தி ஓதினார். கூடியிருந்த யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சின்னப்பொண்ணு அப்போதுதான் அழுதாள்.

போகிறவர்களுக்கு: டீசலைப் போளூரிலேயே நிரப்புங்கள். மழைக்காலத்தில் அந்த மண்சாலையில் சிறிய கார் ஏறாது. நாலு மணிக்குள் மலை இறங்கிவிடுங்கள். என்னைப் போல் நம்பாமலே சபையில் இருப்பவர்கள் பாடலாம், பந்தி பரிமாறலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் ஜெபம் நடத்தப் போகாதீர்கள். போதகரிடமும் இதைத்தான் சொன்னேன். நான் அவளுக்குச் சொன்னது உண்மைதான். அதைக் கேட்க அவள் எங்களை அழைக்கவில்லை.