அரை செக்கன்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. அந்த லொறி இன்றைக்கும் பன்வில பாதையில் ஓடுகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்றால் நீங்களே பார்க்கலாம்.

லொறி ஓட்டுவது அழகமுத்து. அவனுடைய இரண்டாவது மனைவி நிஷாந்தினிக்குக் கண்டியில் வேலை. கண் சொருகும் சாரதிகளை எழுப்பும் கருவியை அங்கே வடிவமைக்கிறார்கள். ஸ்டியரிங்குக்கு மேலே சின்னக் கேமரா; அதன் படம் அலுவலகத் திரைக்கும் வரும். கண் மூடினால் ஸ்பீக்கர் கூப்பிடும். வெறும் 'பீப்' சத்தம் நாலே நாளில் பழகிவிடுகிறது, வீட்டு ஆளின் குரலுக்குத்தான் விழிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவளே அவள்தான்.

தன் குரலைப் பதிந்தாள். நிறுத்தியிருந்த லொறியில் கணவனை அரைத்தூக்கத்தில் உட்காரவைத்துச் சோதித்தாள். அவன் கண் திறக்க இரண்டு செக்கன் ஆனது.

அழகமுத்து தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினான். செத்துப்போன முதல் மனைவி இராஜேஸ்வரி எப்போதோ அனுப்பிய குரல் அதில் இருந்தது.

"ஏங்க... முழிச்சிருங்க..."

அரை செக்கன்.

நிஷாந்தினிக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருப்பவளுக்கு இரண்டு, மண்ணுக்குள் போனவளுக்கு அரையா? அந்தக் குரலைத் தன் கையாலேயே கருவியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு வாரம் பொறுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை, அவன் வீட்டுக்குள் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து, லொறியில் ஏறி ஸ்பீக்கரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

பிற்பகல் 2.40. வெளியே மழை. அலுவலகத் திரையில் அழகமுத்துவின் கண்கள். இமை இறங்கியது... ஏறியது... மறுபடி இறங்கியது.

பன்வில இறக்கம். ஒரு பக்கம் பள்ளம்.

போன் போட்டாள். மணி அடித்தது... அடித்தது... அவன் எடுக்கவில்லை.

"ஐயோ, முழிங்க!"

திரைக்கு என்ன கேட்கும்?

2.41. கண் முழுதாக மூடியது.

உடனே திறந்தது.

அரை செக்கன்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அழகமுத்து முழுசாக வீடு வந்து சேர்ந்தான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நிஷா... ராஜி பேசினதுல அந்த ஒரு வரிதானே போட்ட?"

"ஆமாங்க."

"இன்னைக்கு வேற என்னமோ சொன்னா."

"என்ன...?"

"'நிஷாந்தினி ஸ்பீக்கர கழட்டிட்டா. நீங்க தூங்கிறாதீங்க'ன்னு..."

நிஷாந்தினியின் தோளில் கைப்பை தொங்கியது. ஸ்பீக்கர் அதற்குள்தான் இருந்தது.

காலையில் கழற்றும்போது லொறிக்குள் தான் மட்டும்தான் இருந்ததாக அவள் நினைத்திருந்தாள்.