துகள்களுக்கு விட்ட இடம்

அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செல்லூரில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது கட்டுரை ஒன்றை டைப் அடிக்கக் கொண்டுவந்த கல்லூரி இயற்பியல் ஆசிரியர் அவர். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் மைக்கறை. கனமான துகள் ஒன்று சிதையும்போது, அதிலிருந்து பிறக்கும் இரண்டு துகள்கள் மூலக்கூறு போல ஒரு கணம் சேர்ந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

"ஒட்டவும் ஒட்டாது, பிரியவும் பிரியாது தம்பி," என்று இரண்டு டீ கிளாஸ்களை உரசாமல் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

மெஷினில் கிரேக்க எழுத்து கிடையாது. துகள்களின் பெயர் வரும் இடங்களையெல்லாம் காலியாக விட்டேன். அவர் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து, அசலில் ஒவ்வொன்றையும் பேனாவால் எழுதி, ஊதி ஊதிக் காயவைத்தார். அதை வெளிநாட்டுப் பத்திரிகைக்குத் தபாலில் போடும் வேலை என்னுடையது. அவசரத்தில், நிரப்பாத கார்பன் காப்பியை உறைக்குள் வைத்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, படிக்க முடியவில்லை என்று அது திரும்பி வந்தது. அதற்குள் அதே கணக்கை வேறு யாரோ வெளியிட்டுவிட்டார்கள்.

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ பேனாவைத் திறந்து, திரும்பி வந்த தாள்களில் காலி இடங்களை நிரப்பத் தொடங்கினார்.

"இனிமே எதுக்கு சார்?"

"இம்புட்டு ஓட்டையோட வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரல தம்பி."

கடைசித் தாளையும் ஊதிக் காயவைத்துவிட்டுத்தான் எழுந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், பாவி மனுஷன். நானும் அன்றைக்கே மறந்திருப்பேன்.