வீக்கமும் தழும்பும்

தங்கைக்குக் கல்யாணமாகி, முதல் ஆடிக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள் தாம்பரத்துக்கு வந்து இறங்கியதும், பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "நல்லா பூசினாப்ல ஆயிட்டாளே!" எங்கள் சொந்தக்காரர்களுக்கு உடம்பைப் பற்றித் தெரிந்தது மொத்தமே இரண்டு விஷயம். இளைத்துவிட்டாய், அல்லது பூசினாற்போல் இருக்கிறாய். முதலாவது என்றால் புகுந்த வீட்டைத் திட்டுவார்கள். இரண்டாவது என்றால் அதே வீட்டைப் புகழ்வார்கள்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை சின்ன வயதிலிருந்தே என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத ரகம். அவளை ஒல்லிப்பிச்சான் என்று கூப்பிட்டே வளர்ந்தவள் நான். இப்போது கன்னம் உப்பி, மூக்கின் இரு பக்கமும் செக்கச்செவேல் என்று இருந்தாள். "மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு. அதான் முகத்துல களை கட்டுது" என்றாள் அம்மா. குளிக்கப் போகும்போது கல்யாண மோதிரம் விரலைவிட்டு வர மறுத்தது. சோப்பு போட்டு உருவினோம். அதற்கும் ஒரே சிரிப்பு.

அன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா வருது. அங்க அத்தை பினாயில் நிறைய ஊத்துவாங்க, அதனாலதான்னு நெனச்சேன். இங்கயும் அப்படியே வருது."

நான் அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி எழும்பவே இல்லை. எனக்கு வைத்தியம் தெரியாது. பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை செய்கிறவள். ஆனால் சதை அப்படிக் குழி விழாது என்பது எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெரு டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டார். சிறுநீரக நிபுணருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெரிய டாக்டர் தங்கையிடம் வரிசையாகக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஏற்கெனவே பதில் இருந்தது. முடி கொட்டுமா? கொட்டும், போர் தண்ணீர் உப்பு. மூட்டு வலிக்குமா? வலிக்கும், தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டினால் வலிக்காதா. வாயில் புண்? உடம்புச் சூடு. வெயிலில் முகம் சிவக்குமா? சிவந்த நிறம் சார், சிவக்கத்தானே செய்யும். அம்மா ஒவ்வொன்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இதெல்லாம் தனித்தனி இல்லம்மா. ஒரே வியாதிதான்" என்றார். லூபஸ் என்று ஒரு பெயர் சொன்னார். கிருமியோடு சண்டை போட வேண்டிய ரத்தம், ஆள் தெரியாமல் சொந்த உடம்போடு சண்டை போடுமாம். இவளுக்கு அது சிறுநீரகத்துக்குள் போய்விட்டது.

ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற உப்பின் அளவு கொஞ்சம்தான் கூடியிருந்தது. "அப்போ லேசாத்தானே சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"வெளியில பார்க்கிறதை வச்சுச் சொல்ல முடியாதும்மா. பார்க்க நல்லா இருக்கிறவங்களுக்கு உள்ளே மோசமா இருக்கும். வீங்கிப் போய் வர்றவங்களுக்கு உள்ளே சுமாராத்தான் இருக்கும். முதுகு வழியா ஊசி விட்டு, கிட்னியிலேருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

அவர் தேடியது இரண்டு விஷயம். வீக்கம் எவ்வளவு, தழும்பு எவ்வளவு. வீக்கம் என்றால் மருந்து கேட்கும். தழும்பு விழுந்த இடம் போனது போனதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அது மட்டும்தான் ஓடியது. சாமி, வீக்கமாக இருக்கட்டும். ஒரு வியாதியை இப்படி வேண்டிக்கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

புதுப் பெண்ணின் முதுகில் ஊசி குத்துவதா என்று அம்மா அழுதாள். ஆடி முடிவதற்குள் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றும் சொன்னாள். தங்கை அதைக் காதில் வாங்கவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து புருஷனுக்குப் போன் செய்தாள். அவர் மறுநாள் மின்சார ரயிலைப் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். ஆடியில் மாப்பிள்ளை வரக்கூடாது என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

என்னை உள்ளே விட்டார்கள். அவளைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்தார்கள். ஸ்கேன் கருவியை முதுகில் வைத்து இடம் பார்த்தார்கள். காலைப் பிடித்திருந்த ஆயா, "இன்னாம்மா இப்டி நடுங்குற? ஆடாத படுத்துக்கினா சட்னு முடிஞ்சிடும்" என்றாள். மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். டக் என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு டக். வெளியே வந்தது சேமியாத் துண்டு அளவுகூட இல்லை. அதைத் தட்டில் பார்த்ததும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனூண்டு பொருளிடமா போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கேட்கிறார்கள்! அதன்பிறகு நாள் முழுக்க அவள் மல்லாந்தே கிடந்தாள். சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று நர்ஸ் வந்து வந்து பார்த்தாள். வரவில்லை.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சல்லடைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இவளுக்குப் பாதிக்குமேல் வீங்கிக் கிடக்கின்றன. நான்காம் வகை என்றார். அவசரமாக மருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் மூச்சு விட்டேன். வீக்கம்தானே! உடனே அவர், "ஆனா எதிர்பார்த்ததைவிட தழும்பும் இருக்கு. இது கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபிறகு தங்கை என்னிடம் கேட்டாள். "ஒரு நாள்கூட அங்க வலிக்கலையேக்கா. வலிக்காம எப்படித் தழும்பு விழும்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை நரம்பில் ஏற்றிய மருந்து, காலையில் கை நிறைய மாத்திரை, அதோடு ஸ்டீராய்டு. முகம் பௌர்ணமி மாதிரி உருண்டது. பல்லாவரத்துச் சித்தி வந்து கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான்டி லட்சணமா இருக்கே" என்றாள். வாசல்வரை வழியனுப்பப் போன நான், கேட்டருகில் வைத்து அவளோடு ஒரு சண்டை போட்டேன். அவள் இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும்.

வீக்கம் அடங்கியது. கால் பழைய கால் ஆனது. நுரையும் குறைந்தது. ஆனால் மருந்து ஓடும்வரை பிள்ளை பெறக்கூடாது என்றார் டாக்டர். வியாதி முழுசாக அடங்கி, கொஞ்ச காலம் அடங்கியே இருந்தால் பார்க்கலாம் என்றார். போகிற கல்யாணத்தில் எல்லாம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டார்கள். தங்கை சிரித்துவைப்பாள். பிறகு கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். அவள் புருஷன் மட்டும் தனியாகப் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுவார்.

சில வருஷங்கள் இப்படியே ஓடின. வியாதி நடுவில் தலைதூக்கும், மருந்தைக் கூட்டுவார்கள், அடங்கும். ஒவ்வொரு தடவையும் அது சிறுநீரகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டே அடங்கியது. உப்பின் அளவு ஏறிக்கொண்டே போனது. போன வருஷம் மறுபடி ஒரு துண்டு எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு நானும் தங்கையும் உள்ளே போனோம். டாக்டர் இந்த முறை படம் எதுவும் போடவில்லை.

"இப்ப வீக்கம் அதிகமில்லை. கிட்டத்தட்ட எல்லாமே தழும்புதான். அந்தப் பெரிய மருந்தை இனிமே கொடுத்து உடம்பைக் கெடுக்க வேண்டாம், நிறுத்திடலாம். கொஞ்ச நாள்ல டயாலிசிஸ் தேவைப்படும். அதுக்குக் கையில ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணித் தயாரா வச்சுக்கலாம்."

வெளியே வந்ததும் அம்மா எழுந்து நின்று, "என்னடி சொன்னாரு?" என்றாள்.

தங்கை, "பெரிய மருந்தை நிறுத்திட்டாரும்மா" என்றாள். அவள் அதற்குமேல் பேச வாயெடுப்பதற்குள் அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிவிட்டாள். "நிறுத்திட்டாரா! தாயே, என் வயித்துல பால வார்த்தே!" எங்கள் ஜனங்களுக்கு மருந்து நின்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். வேறு எப்படித்தான் அவர்களுக்கு அர்த்தமாகும்? நான் வாயைத் திறந்தேன். தங்கை என் முழங்கையைக் கிள்ளினாள். "இன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும்க்கா. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டாள். அப்பளம் பொரித்தாள். உப்பு ஆகாது என்று இத்தனை வருஷமாகத் தங்கை தட்டில் சேர்க்காத மாங்காய் ஊறுகாயை எடுத்து, தயிர்சாதத்தின் ஓரத்தில் ஒரு பெரிய துண்டாக வைத்தாள். "சாப்பிடுடி தங்கம். இனிமே பத்தியம் எதுக்கு?" தங்கை சாப்பிட்டாள். விரலை நக்கினாள். நான் தட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

மறுநாள் காலையில் நான்தான் சொன்னேன். மருந்து ஏன் நின்றது, தழும்பு என்றால் என்ன, டயாலிசிஸ் எங்கே, எப்போது, எல்லாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். அழவில்லை. சொல்லி முடித்ததும், என்ன செய்யலாம் என்று கேட்பாள், அல்லது தெய்வத்தைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நேத்து அவ தட்டுல அந்த ஊறுகாயை வச்சேனே, நீ பாத்துட்டுத்தானே இருந்தே?" என்றாள். "என் கையை ஏண்டி தட்டிவிடல?"