கிட்டார் நின்ற நான்கு நிமிடங்கள்

குளிர்காலம் தொடங்கி, வீட்டு ஹீட்டரை முதல் தடவை போடுகிற நாளில், கோடை முழுக்கப் படிந்த தூசி கருகி ஒரு மணம் எழும். போன கிழமை அது வந்ததும் மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய வால்வு அம்ப்ளிஃபையர்களும் சூடேறும்போது இப்படித்தான் மணக்கும். அந்த மணம் எனக்குப் பாட்டை நினைவூட்டுவதில்லை. பயத்தைத்தான் நினைவூட்டுகிறது.

இப்போதைய என் தொப்பையைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் ஒரு காலத்தில் நான் லண்டனில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான புளூஸ் வாசித்தவன். ஊரைவிட்டு முதலில் போன ஜெர்மனியில், அகதி விடுதியின் பக்கத்து அறைக்காரர் ஒருவரிடம் பேஸ் கிட்டார் பழகினேன். பிறகு இங்கே வந்து, செவன் கிங்ஸில் அக்கா வீட்டு மேலறையில் ஒட்டிக்கொண்டேன். கிழமை நாட்களில் போட்டோகொப்பி மெஷின் திருத்துகிற வேலை. சனி ஞாயிறில் இசை. அத்தான் கதவடியில் நின்று கேட்பார்.

"உது என்ன பாட்டடாப்பா? துவங்கின இடத்திலையே சுத்திக்கொண்டு நிக்குது."

அத்தான் சொன்னதில் பிழையில்லை. பன்னிரண்டு தாளக்கட்டு, மூன்று சுரக்கூட்டு, திரும்பவும் முதலிலிருந்து. எண்ணத் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கோல்பி ஐயாவைச் சந்திக்கும்வரை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அமெரிக்காவின் முதிய புளூஸ் கலைஞர்கள் கிட்டார் பெட்டியோடு தனியாக வந்து இறங்குவார்கள். பின்னணி வாசிக்க இங்கேயே ஒரு குழுவைப் பிடிப்பார்கள். எங்கள் குழு அப்படியானது. கிரகாம் இரண்டாவது கிட்டார், டெஸ்மண்ட் டிரம்ஸ், நான் பேஸ். அப்படி வந்த கோல்பி கிட்டார் வாசித்தபடியே பாடுபவர், எழுபத்தெட்டு வயது. ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனி அவருடைய கச்சேரியை நேரடியாக ஒலிப்பதிவு செய்ய விரும்பியது. வடலண்டனில் ஒரு மதுக்கடையின் பின்னால் இருந்த மண்டபம், சனிக்கிழமைப் பின்னேரம், இரண்டு மணி முதல் ஆறு மணிவரை. மறுநாள் அவர் ஊர் திரும்புகிறார். பிழை விட்டால் விட்டதுதான், திரும்பப் பதிய வழியில்லை.

ஒலிப்பதிவுக்கு நான் கூட்டிவந்தவர் ரூபன் அண்ணை. கிங்ஸ்பரியில் இருந்தார். கலியாணம், அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். பதினாறு தடங்களில் பதியும் மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். மேடை ஓரத் திரைக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு, எனக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தார்.

"கலியாணத்தில பிழைச்சா மாப்பிள்ளை பகுதி மட்டும்தான் ஏசும்," என்றார். "இதில பிழைச்சா உலகமே ஏசும். ஏன்ரா என்னை மாட்டிவிட்டனி?"

காலையில் ஒத்திகைக்கு கோல்பி மறுத்துவிட்டார். நான் அவருடைய பழைய இசைத்தட்டுகளை எண்ணிப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதைக் கொஞ்சம் பெருமையோடு சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எண்ணாதே. தாளம் தட்டுகிற என் வலது குதிகாலைப் பார். நான் மாறும்போது மாறு," என்றார். அவ்வளவுதான்.

கச்சேரியின் முதல் பாட்டிலேயே விழுந்தேன். பன்னிரண்டாம் கட்டு வரவேண்டிய இடத்தில் அவர் பதினொன்றரையில் மாறிவிட்டார். நான் தனியாகப் பழைய சுரத்தில் நின்றேன். சந்தையில் அம்மாவின் கையை விட்ட பிள்ளைபோல. அவர் நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் பொறுக்கமுடியவில்லை. அதன்பிறகு ஒன்றரை மணித்தியாலம் அந்தக் குதிகாலைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது பாட்டு. மெதுவானது. இரண்டாவது சரணத்தில் அவருடைய கிட்டார் நின்றது.

சபையில் ஒருவரும் அசையவில்லை. கிழவர் வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். நான் அவருடைய இடப்பக்கம் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது. இடது கை கிட்டார் கழுத்திலிருந்து நழுவி, நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கியது. விரல்களை அவர் பார்த்தார். வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோல. பாட்டை மட்டும் விடவில்லை.

திரைக்கு அடியால் ரூபன் அண்ணை ஒரு வயரோடு தவழ்ந்து வந்தார்.

"டேய், கிட்டார் லைன் செத்துப்போச்சு. வயரை மாத்தோணும், தள்ளு."

"வயர் இல்லை அண்ணை. அவருக்குக் கை ஏலாமல் போச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "ஐயோ. நிப்பாட்டச் சொல்லு. இப்பவே."

அந்த நேரம் கோல்பி என்னைப் பார்த்தார். பாடிக்கொண்டே தலையை மெல்ல, ஒரே ஒரு தடவை, இல்லை என்று அசைத்தார்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை," என்றேன். "பாடி முடிக்கட்டும்."

ரூபன் அண்ணை வயரைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்.

மீதிப் பாட்டு நான்கு நிமிடம். கிரகாமும் எதையோ உணர்ந்து, தன் கையைத் தந்திகளில் இருந்து எடுத்துவிட்டான். குரலும் பேஸும் டிரம்ஸும் மட்டும். நான் எண்ணவில்லை. எண்ணுவதற்கு என்னிடம் மூளை மிச்சமிருக்கவில்லை. குதிகால் விழுந்த இடத்தில் என் விரல் விழுந்தது. எப்போது மாறுவார் என்பது அவர் மாறுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் நான் அப்படி வாசித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. கோல்பி சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் ஏறியது. டெஸ்மண்ட் டிரம்ஸைத் தாண்டி ஓடிவந்து அவரைத் தாங்கினான். ஆம்புலன்ஸுக்கு யாராவது போன் அடியுங்கள் என்று நான் கத்த வாயெடுத்தபோது, அதன் சத்தம் வெளியே கேட்டது. ரூபன் அண்ணை வயரைப் போட்டுவிட்டுப் போனது மெஷினுக்கு அல்ல, ஆம்புலன்ஸை அழைக்க வீதிக்கு.

ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டார், "எப்போது தொடங்கியது?" நான் சொன்னேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, கையுறையின் மேலேயே நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஏன் பாட்டை நிறுத்தவில்லை என்று என்னைக் கேட்கவில்லை.

பக்கவாதம் என்றார்கள், ஆனால் கோல்பி உயிர் பிழைத்தார். இரண்டு மாதத்தில் ஊருக்குப் போனார். இடது கை திரும்பவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர், வெறுமையாக இருந்த பகுதியில் கிரகாமை வாசிக்கவைத்து நிரப்பப் பார்த்தார். கிரகாம் மறுத்து, கோல்பிக்கே போன் போட்டான். "அங்கே ஒன்றும் குறையவில்லையே," என்றாராம் அவர். அப்படியே சிடி வெளிவந்தது. ஒரு பத்திரிகை அந்த மௌனத்தைத் துணிச்சலான கலை என்று புகழ்ந்தது. பாட்டின் நடுவில் கிழவர் ஏதோ பிரார்த்தனை முணுமுணுக்கிறார் என்றும் எழுதியிருந்தது. அது பிரார்த்தனை அல்ல. கோல்பியின் மைக்கில் ஏறிவிட்ட என் குரல்.

ஒரு வருடம் கழித்து அவருடைய மகள் எனக்குப் போன் எடுத்தார். அப்பா போன மாதம் காலமாகிவிட்டார் என்றார். பிறகு, "அந்தப் பாட்டில் பேசுவது நீங்களா? அது என்ன மொழி?" என்றார்.

"தமிழ்."

"என்ன சொல்கிறீர்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டுச் சரிபார்க்க அவருக்கு யார் இருந்தார்கள்? ஆனாலும் சொன்னேன். நிறுத்தவேண்டாம், பாடி முடிக்கட்டும் என்று சொன்னேன் என்றேன்.

"அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்," என்றார் மகள். "அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் மறுக்கவேண்டும்." போனை வைத்துவிட்டார்.

ரூபன் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "நானும் உன்னை ஏசத்தான் நினைச்சனான்," என்றார். "பிறகு சிடியைப் போட்டுக் கேட்டன். ஏச ஏலாமல் போச்சு. அது எனக்கே பிடிக்கேல்லை." அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் மேடையேறுவதும் மெல்ல மெல்ல நின்றுபோனது.

இப்போது ரூபன் அண்ணை இல்லை. அவருடைய மெஷினில் பதிந்ததைத் திறந்து கேட்கத் தெரிந்தவர்களும் இல்லை. கம்பெனி மூடி, அந்த சிடி கிடைக்காமல் போய், அதை விற்ற கடைகளும் போய்விட்டன. போன வருடம் வேலையாக அந்தப் பக்கம் போனபோது, மண்டபத்தைத் தேடி நடந்தேன். மதுக்கடையோடு சேர்த்து இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டியிருந்தார்கள். மேடை இருந்த இடம் என்று நான் கணக்குப் போட்ட மூலையில், தரைத்தளத்தில், ஒரு குசினி. ஜன்னலுக்கு உள்ளே ஒரு பெண் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. அவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். கத்தியை வைத்துவிட்டு வந்து, திரையை இழுத்து மூடினார்.