அண்ணாந்து குடித்த ஜப்பான் டீ

அபுதாபி பக்கம் முசஃபாவில் எங்கள் ஒர்க்‌ஷாப் ஆபீசில் டீ போடுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. ஜப்பான்கார மேனேஜர் ஊருக்கு மாற்றலாகிப் போகும் வாரம், நாளைக்கு டீ நானே போடுகிறேன் என்றார். அப்படியென்றால் என் வேலை போச்சா?

மறுநாள் மீட்டிங் ரூமில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். மேனேஜர் துணியை அவிழ்த்து ஒரு மண் கிண்ணத்தை எடுத்தார். கைப்பிடி கிடையாது. ஒரு பக்கம் தீய்ந்து கறுத்திருந்தது. மறுபக்கம் சாம்பல் உருகி வழிந்து கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. அவருடைய தம்பி கையால் வனைந்து, விறகுச் சூளையில் நாள்கணக்கில் வேகவைத்ததாம். உலகத்திலேயே இது ஒன்றுதானாம். நான் ஒரு முழம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, அடிபிடிச்ச சட்டி மாதிரில்ல இருக்கு?" என்றான் டிரைவர்.

"வாய மூடுடா. அது உடைஞ்சா நம்மள ஊருக்கு ஃபிளைட் ஏத்திருவாங்க" என்றேன்.

பச்சைப் பொடியில் வெந்நீர் விட்டு மூங்கில் மத்தால் குழைத்தார். இட்லி மாவுப் பதம். ஒரே கிண்ணம், ஆளுக்கு இரண்டு மடக்கு குடித்துக் கைமாற்ற வேண்டுமாம். தினமும் டீ கொடுத்தவன் என்று முதலில் என்னிடம் நீட்டினார்.

எனக்கு அடுத்து அக்கவுண்டன்ட் சார். என் எச்சிலை அவர் எப்படிக் குடிப்பார்? அவர் குடிக்காவிட்டால் மேனேஜர் மனசு நோகாதா? தெரிந்த ஒரே வழி, அண்ணாந்தேன். தம்ளர் என்றால் பரவாயில்லை. இதற்கு வாய் அகலம். மாவு இறங்கவே மாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். இறங்கியது, பாதி வாயில், பாதி மூக்கில்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வினை. இதுதான் ஜப்பான் முறை என்று நினைத்துவிட்டார்கள். அக்கவுண்டன்ட் சார் பயபக்தியோடு வாங்கி அண்ணாந்தார், மீசை பச்சை.

"என்னண்ணே, மருதாணிய அரைச்சு ஊத்துறாய்ங்க?" என்று முனகிக்கொண்டே டிரைவரும் அண்ணாந்தான். கிண்ணம் மேலே போகும்போதெல்லாம் என் உயிரும் கூடவே போய் வந்தது.

மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கோபமா, இல்லையா, ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு தனக்கென்று கொஞ்சம் குழைத்தார். கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். அண்ணாந்தார். கண்ணை வேறு மூடிக்கொண்டார். விரலில் கிண்ணம் வழுக்குவது எனக்குத் தெரிந்தது.

"சார், சார்!" முட்டியாலேயே தவழ்ந்து போய், அவர் தாடைக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தினேன். டீ விழுந்தது. கிண்ணம் விழவில்லை.

பச்சை மூக்கோடு கண்ணைத் திறந்தவர், "குட்?" என்று கேட்டார்.

"குட் சார், ரொம்ப குட். கலாஸ், முடிஞ்சிருச்சு. டவுன் சார், டவுன்!"