ஜமீன்தாரின் நாக்கு

அடி அண்ணாமலை ஊர்க்காரி திரௌபதிக்கு வாய் பெரிசு. மனசு அதைவிடப் பெரிசு. கிரிவலப் பாதையில் பழம் விற்றவள், ஏழு வருஷமாகக் குரங்குக் காப்பகம் ஒன்றில் தீனி போடுகிறாள். அடிபட்டும் அநாதையாகவும் வரும் குரங்குகள் உடம்பு தேறியதும் ஜவ்வாது மலைக்குப் போகும்.

அதில் ஒரு குட்டிக்கு அவள் வைத்த பெயர் ஜமீன்தார். மற்றதெல்லாம் கம்பிக்குக் கம்பி தாவும். இவன் நாலு தாவு தாவிவிட்டுக் குந்திக்கொள்வான்.

"ஒடம்பு தேஞ்சிடுமா சாமி?" என்று கேலி பேசினாலும், அவனுக்கு மட்டும் தினம் ஒரு கை நாவல்பழம் ஜாஸ்தி. அப்படி ஒரு செல்லம்!

காட்டில் விடுமுன் பரிசோதனைக்கு வந்த டாக்டர் மதிவதனி, "நாக்கு ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டார்.

"நாவப்பழங்க. நான்தான் குடுத்தேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார். நாவல்பழக் காலத்தில் நீல நாக்கைப் பார்த்து வேறென்ன தோன்றும்?

ஒரு மாதம் கழிந்தது. அனுப்பும் நாளன்று, வேனில் ஏற்றிய கூண்டுக்குள் ஜமீன்தார் கொட்டாவி விட்டான். நாக்கு அதே நீலம். திரௌபதி குனிந்து உற்றுப் பார்த்தாள். பழம் தீர்ந்துதான் இருபது நாளாச்சே!

சொன்னால் வேலை போனாலும் போகும். போகட்டும் என்று வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எடுக்காதீங்க! டாக்டரம்மா, நான் தப்பா சொல்லிட்டேங்க. அது பழக்கறை இல்லீங்க!"

வழியனுப்ப வந்திருந்த டாக்டர் கூண்டை இறக்கச் சொன்னார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அன்னைக்கு இது திமிறுச்சுன்னு நானும் சரியா கேக்கல," என்றார் மெதுவாக.

மயக்க ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் சின்ன இதயம் படபடவென்று அடித்தது.

"பொறவியிலயே ஓட்டைம்மா. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துடுது, அதான் நீலம். குரங்குல ரொம்ப அபூர்வம். காட்டுல ஓடவே முடியாது. நாய் தொரத்தினா செத்துடும்."

"மூச்சு முட்டி ஒக்காந்தவன சோம்பேறின்னேனே, பாவி!" திரௌபதி வாய்விட்டு அழுதாள்.

மற்றவை மலைக்குப் போயின. ஜமீன்தார் மாத்திரையோடு இங்கேயே தங்கிவிட்டான். எத்தனை நாளைக்கு என்பது டாக்டருக்கே தெரியாது.

இப்போதெல்லாம் தினமும் காலையில் வேர்க்கடலையை நீட்டி, ஒவ்வொரு குரங்கின் வாயையும் பார்த்த பிறகுதான் தீனி. நாவல்பழக் கூடையோடு யாராவது வந்தால் கேட்டிலேயே மறித்துவிடுகிறாள்.

"வேணாங்க. நாக்கு நெறம் தெரியாது."